படைத்தவனை வரைகிற கை



பிரம்மாவுக்கு நான்கு முகம் என்று புராணம் சொல்கிறது. ஆனால் சுவரில் வரைகிற ஓவியன் மூன்று முகத்தைத்தான் வரைகிறான். நேரே ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. நான்காவது முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. பார்க்கிற பக்தர் யாரும் ஓவியனைக் கூப்பிட்டு, எங்கே அப்பா அந்த நான்காம் முகம் என்று கேட்பதில்லை. அது பின்னால் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

சின்ன விஷயம்போலத் தெரிந்தாலும் ஒரு பெரிய கேள்வி இதற்குள் கிடக்கிறது. உலகத்தைப் படைத்தவன் என்று சொல்லப்படுகிற ஒருவனை, படைக்கப்பட்ட ஒரு மனிதன் நாலு சிரட்டைச் சாயத்தை வைத்துக்கொண்டு வரைய உட்காருகிறான். இது பக்தியா, ஆணவமா? வரைந்த உருவம் உண்மையா, அழகான பொய்யா? அந்த உருவத்தைப் பார்த்துக் கும்பிடுகிற மக்களுக்கு அது செய்வது நன்மைதானா? அன்பு மக்களே, பதிகளில் விக்கிரகமும் படமும் வைக்காத ஒரு வழியில் நடப்பவர்களுக்கு இந்தக் கேள்வி அன்னியம் இல்லை. ஆனால் பதில் சொல்லும் முன், அந்த ஓவியன் என்ன செய்கிறான் என்று பொறுமையாகப் பார்ப்பது நல்லது. செய்கிறவன் பாடு தெரியாமல் செய்ததைப் பழிப்பது எளிது.

தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதன் மேல்மாடி அறையைச் சுவாமிக்கென்றே ஒதுக்கி, சுவர் முழுக்க ஓவியம் தீட்டி வைத்தார்கள். பத்மநாபன் பாம்பணையில் பள்ளிகொண்ட கோலமும் அதில் உண்டு. கிடக்கிற பெருமாளின் உந்தியிலிருந்து ஒரு தாமரைத் தண்டு எழும்புகிறது. அதன் உச்சியில் பூ, பூவில் பிரம்மா. உலகைப் படைக்கிறவனே இன்னொருவரிடமிருந்து பிறந்தவனாக இருக்கிறான் என்பதுதான் இந்தக் கோலத்தின் பொருள். இதை வரைகிறவன் இரண்டு பேரை வரைகிறான்: படைக்கிறவனையும், அவனைப் படைத்தவனையும். அந்தத் தண்டை இன்னும் கீழே பிடித்துக்கொண்டு போனால் எங்கே முடியும்? எல்லாம் ஏகத்திலிருந்து வந்தது என்று அகிலத்திரட்டு வாசித்தவர்கள் சொல்லுவார்கள். அந்த ஏகத்தை எந்தச் சாயத்தில் வரைவது என்று ஓவியனைக் கேட்டால் அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அவனால் முடிந்தது தாமரைத் தண்டு வரைக்கும்தான்.

கேரளக் கரையின் சுவரோவியம் மெல்ல மெல்ல நடக்கிற வேலை. சாயம் தொடும் முன்பே சுவருக்குப் பல நாள் பாடு. சுண்ணாம்பும் மணலும் கடுக்காய் முதலியவற்றின் சாறும் சேர்த்து ஒரு பூச்சு. அது இறுகியதும், சுண்ணாம்பு மணலோடு பஞ்சையும் சேர்த்து இடித்து அடுத்த பூச்சு. அதுவும் காய்ந்த பிறகு, இளநீரில் கரைத்த சுண்ணாம்பை இருபத்தைந்து முப்பது தடவை மெல்லியதாகப் பூசுவார்கள். ஒரு பூச்சு உலர்ந்தால்தான் அடுத்த பூச்சு. கடைசியில் சுவர் சங்கின் உட்புறம்போல வெளுத்து நிற்கும். உலர்ந்த சுவரில்தான் வரைய வேண்டும்.

சாயம் ஐந்து. மஞ்சள், காவிக்கல்லிலிருந்து. சிவப்பு, வெட்டுக்கல்லை அரைத்துக் கலக்கித் தெளியவைத்து எடுப்பது. பச்சை, அவுரி இலைச்சாற்றோடு ஒரு மரத்தின் மஞ்சள் பிசினைச் சேர்ப்பது. கறுப்பு, விளக்குப் புகையை மண்சட்டியில் பிடித்து வழித்தெடுத்த கரி. ஒட்டிப் பிடிப்பதற்கு வேப்பம்பிசின். தூரிகைக்கு ஒருவகைப் புல்லின் தண்டும் ஆட்டு மயிரும் கன்றின் காது மயிரும். ஐந்தாவது வெள்ளை. அதை மட்டும் ஓவியன் பூசுவதே இல்லை. முத்துமாலையின் வெள்ளை, பூணூலின் வெள்ளை, கண்ணின் வெள்ளை எல்லாம் வெறும் சுவர்தான். அந்த இடங்களைத் தொடாமல் விட்டுவிடுகிறான். சுவாமியின் கண்ணில் ஒளிபோலத் தெரிவது மனிதன் கைவைக்காத இடம்.

அப்புறம் வரைதல். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்ரீகுமாரன் எழுதிய சில்பரத்னம் என்ற நூலில் இதற்கெல்லாம் முறை இருக்கிறது. முதலில் மெல்லிய கோட்டில் உருவம், பிறகு கோட்டை உறுதியாக்குவது, பிறகு நிறம் நிரப்புவது, நிழலும் மேடு பள்ளமும் காட்டுவது, மறுபடியும் ஓரக்கோடு, கடைசியாக முடிவு வேலை. வெளிறிய நிறம் முதலில், இருண்ட நிறம் பின்னால். மஞ்சளில் தொடங்கிக் கறுப்பில் முடிகிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் கண்மணி வைப்பார்கள். கண் திறக்கும்வரை அது சாயம் பூசிய சுவர். திறந்த பிறகு எதிரே நின்று அதிகமாகப் பேசக்கூட ஓவியன் தயங்குவான் என்பார்கள்.

இவ்வளவும் கைவேலை. முகம் எங்கிருந்து வந்தது? அதுதான் முக்கியம். அவன் மனம்போன போக்கில் ஒரு முகத்தைக் கற்பனை செய்வதில்லை. ஒவ்வொரு மூர்த்தத்துக்கும் தியான சுலோகம் என்று ஒன்று உண்டு. கை எத்தனை, எந்தக் கையில் என்ன, நிறம் என்ன, உட்கார்ந்திருக்கிறாரா நிற்கிறாரா, முகத்தில் அமைதியா கோபமா என்று அதில் சொல்லியிருக்கும். ஓவியன் அதை மனப்பாடம் செய்து, கண்ணை மூடி உட்கார்ந்து, சொல் மனதில் உருவமாகத் திரளும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்ததை வரைகிறவன் ஒருவகை. இவன் காதால் கேட்டதை வரைகிறவன். எனவே, இது ஆணவம் என்று ஒரே போடாகப் போட முடியாது. இவன் தன்னைப் படைப்பாளி என்று நினைப்பதில்லை. சொன்னதைச் செய்கிற பணிவிடைக்காரன் என்றே நினைக்கிறான். பழைய சுவர்களில் பெரும்பாலும் ஓவியன் பெயர் இருக்காது. இந்தக் காலத்தில் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால்கூட அதன்மேல் உபயம் இன்னார் என்று எழுதி, எழுத்து வெளிச்சத்தையே மறைத்துவிடுகிறது.

குருவாயூரில் 1970-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பெரிய தீ பிடித்தது. ஸ்ரீகோவிலின் வெளிச்சுவர் ஓவியங்கள் அழிந்துபோயின. பிறகு மரபு தெரிந்த ஓவியர்களைத் தேடிப் பிடித்துத் திரும்ப வரையச் செய்தார்கள். மம்மியூர் கிருஷ்ணன்குட்டி நாயர் அவர்களில் முதன்மையானவர். அந்த வித்தை அவரோடு போய்விடக்கூடாது என்று 1989-இல் ஒரு பயிற்சி நிலையமும் தொடங்கினார்கள். சுவர் எரிந்தது, சுலோகம் எரியவில்லை. மனதில் இருந்ததைத் திரும்பச் சுவருக்குக் கொண்டுவர முடிந்தது. அப்படியானால் அந்த ஓவியம் முதலிலிருந்தே எங்கே இருந்தது? சுவரில் இருந்தது அதன் நிழல்தானோ என்று கேட்கத் தோன்றுகிறது.

இதுவரை ஓவியன் பக்கம் நியாயம் சொல்லியாயிற்று. இனி கசப்பான பக்கம்.

முப்பது தடவை பூசுகிற சுண்ணாம்புக்குச் சிப்பியை வாரிச் சுட்டது யார்? அத்தனை இளநீருக்கும் மரம் ஏறியது யார்? வெட்டுக்கல்லை வெட்டிச் சுமந்தது யார்? அரண்மனையில் பிறந்தவர்களும் மந்திரம் ஓதுகிறவர்களும் செய்கிற வேலை இல்லை இவை. வேலை செய்தவர்கள் கோயிலுக்குள் நுழையக் கூடாது. சிலர் கோயில் தெருவிலேயே நடக்கக் கூடாது. திருவிதாங்கூரில் எல்லாருக்கும் கோயிலைத் திறந்துவிடும் பிரகடனம் வந்தது 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி. அதற்கு முன் எத்தனை நூறு ஆண்டு! உலகத்தையெல்லாம் படைத்தவன் என்று ஒருவனை உள்ளே வரைந்து வைத்துவிட்டு, அவன் படைத்தவர்களில் பெரும்பகுதியை வெளியே நிறுத்தினார்கள். ஓவியன் பணிவாகத்தான் வரைந்தான். கண்ணை மூடித் தியானம் செய்துதான் வரைந்தான். ஆனால் அந்தச் சுவாமிக்குக் கண் திறந்து வைத்தபோது, அந்தக் கண்ணுக்கு எதிரே யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்பதை வேறு ஆட்கள் முடிவு செய்தார்கள்.

ஒரு செயலில் ஈடுபட்டவன் மனம் சுத்தமாக இருந்தால் போதுமா, அந்தச் செயல் யாருக்குப் பயன்படுகிறது என்றும் அவன் பார்க்க வேண்டுமா? இந்தக் கேள்விக்குச் சிலர், பாவம் ஓவியன் என்ன செய்வான், அவனும் கூலிக்காரன்தானே என்பார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அவனுக்குத் தெரியாதா என்ன? தூரிகையைக் கழுவிவிட்டு வெளியே வரும்போது வழியில் விலகி நிற்கிறவர்களை அவன் பார்த்திருப்பான். படைத்தவனின் உருவத்தை மனதில் திரட்டத் தெரிந்தவனுக்கு, எதிரே நிற்கிற உருவமும் அதே கையால் ஆனது என்று தோன்றாமல் போனால் அந்தத் தியானத்தில் ஏதோ குறை இருக்கிறது.

பிறகு காலம் மாறியது. கிளிமானூரில் 1848-இல் பிறந்த ரவிவர்மா வெள்ளைக்காரர் பாணியில் எண்ணெய்ச் சாயத்தில் தெய்வங்களை வரைந்தார். 1894-இல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லில் படத்தை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அதே தாளில் அழுத்தி அச்சிடுவார்கள். ஒரு மயிரிழை விலகினாலும் சரஸ்வதியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். இதற்கென்றே ஜெர்மனியிலிருந்து தொழில் தெரிந்தவர்களைக் கொண்டுவந்தார்கள். லட்சுமியும் சரஸ்வதியும் ஊர் ஊராகப் போனார்கள். கோயில் வாசலில் தடுக்கப்பட்டவன் வீட்டுச் சுவரில் சில அணா கொடுத்துச் சுவாமியை மாட்டினான். எந்தப் பிரகடனமும் வருவதற்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே ஒரு அச்சு யந்திரம் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது. இதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் படங்களில் இன்னொன்று நடந்தது. பழைய சுவரோவியத்தில் பெருமாள் பச்சை நிறம். உலகத்தில் பச்சைத் தோல் உள்ள மனிதன் கிடையாது. அதனால் எந்தச் சாதிக்காரனும், எந்தத் தேசத்துக்காரனும் சுவாமி என்னைப்போல இருக்கிறார் என்று சொல்ல முடியாது. சாந்தகுணத்துக்குப் பச்சை என்று வைத்தது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எதுவானாலும் அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. எண்ணெய்ச் சாயத்தில் தெய்வங்களுக்கு மனிதத் தோல் வந்தது. அதுவும் வெயிலில் வேலை செய்யாத தோல், பட்டுப்புடவை உடுத்திப் பெரிய வீட்டில் வளர்ந்த தோல். கறுத்த பிள்ளை அந்தப் படத்தின் முன் நின்று கும்பிட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தால் என்ன நினைக்கும்? சுவாமி அந்த வீட்டுப் பிள்ளைகளைப்போல இருக்கிறார், என்னைப்போல இல்லை என்று நினைக்கும். கோயில் வாசலில் ஒரு தடவை தள்ளிவிட்டார்கள். வீட்டுக்குள் வந்த படம் சத்தமில்லாமல் இன்னொரு தடவை தள்ளிவிட்டது.

கோவில்பட்டி கொண்டையராஜுவின் படங்களைத் தென்னாட்டில் பார்க்காதவர் இல்லை. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்தவர், அதற்கும் முன்னால் ரமணாசிரமத்தில் இருந்தவர். அவரும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சில் காலண்டராக வீடு வீடாக வந்தன. அந்த முகங்களில் ஒரு கனிவு உண்டு, அதை மறுக்க முடியாது. இன்றைக்கு வீட்டில் யாராவது கண்ணை மூடி முருகனை நினைத்தால் பெரும்பாலும் அவர்கள் வகுத்த முகச்சாயல்தான் வரும். இதுதான் யோசிக்க வேண்டிய இடம். முன்னே ஓவியன் தியானம் செய்து உருவத்தைச் சுவருக்குக் கொண்டுவந்தான். இப்போது சுவரில் தொங்குகிற உருவம் கும்பிடுகிறவன் தியானத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வேறு முகத்தை அவனால் நினைக்கவே முடிவதில்லை. படைத்தவனுக்கு ஒரே முகம் என்று ஆகிவிட்டது. அந்த முகத்தை யாரோ ஒருவர் ஒரு ஊரில் ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்.

இந்த அச்சுக்கூடங்கள் எல்லாம் வருவதற்கு அறுபது ஆண்டு முன்பு அய்யா வைகுண்டர் சாமிதோப்பில் பண்டாரமாக இருந்து மக்களைக் கூட்டினார். 1833-இல் திருச்செந்தூர் கடலிலிருந்து வந்தது முதல் 1851 வரை. மேல்மாடியில் பத்மநாபனை வரைந்து வைத்த அந்த அரசின் தலைநகரில்தான் அய்யா சிறையிருந்த சிங்காரத்தோப்பும். தலைப்பாகை கட்டக் கூடாது என்று சொல்லப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டி நிற்கச் சொன்னார். பள்ளியறையில் விக்கிரகமும் வேண்டாம், ஓவியமும் வேண்டாம் என்று கண்ணாடியை வைக்கச் சொன்னார்.

இதைக் கேட்டு வெளியூர்க்காரர் சிலர், அப்படியென்றால் உங்களையே நீங்கள் கும்பிட்டுக்கொள்கிறீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான், கோபப்பட ஒன்றுமில்லை. கண்ணாடி எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதில் தலை சீவுகிறார்கள், பொட்டு வைக்கிறார்கள், முகப்பருவை எண்ணுகிறார்கள். அந்தக் கண்ணாடியும் பள்ளியறைக் கண்ணாடியும் ஒரே கடையில் வாங்கியவையாகக்கூட இருக்கலாம். வித்தியாசம் நிற்கிறவனிடம் இருக்கிறது. சுவரோவியனுக்குச் சாயம் தொடும் முன் ஒரு தியானம் வைத்தார்களே, அது இங்கே கும்பிடுகிறவனுக்கு வேண்டியிருக்கிறது. குளித்து, நாமம் தரித்து, தலைப்பாகை கட்டி, வாயால் அய்யாவைச் சொல்லிக்கொண்டு நிற்கிறபோது கண்ணாடியில் தெரிவது தலை சீவும்போது தெரிந்த ஆள் இல்லை. அப்படித் தெரியவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓவியத்தால் முடியாத ஒரு காரியத்தை இது செய்கிறது. கறுத்தவன் நின்றால் கறுத்த முகம். அம்மை வடு உள்ளவன் நின்றால் வடு உள்ள முகம். பனையேறிக் கை காய்த்தவன் நின்றால் அந்தக் கை அப்படியே கூப்பியிருக்கும். கிழவிக்குக் கிழ முகம், தூக்கிக் காட்டுகிற பிள்ளைக்குப் பொக்கை வாய் முகம். எந்த ஓவியனும் அந்த முகத்தை முன்கூட்டி முடிவு செய்து வைக்க முடியாது. நிற்கக் கூடாது என்று ஒருவனைத் தடுத்தால் கண்ணாடியில் எதுவும் தெரியாது, பின்சுவர்தான் தெரியும். கும்பிடுகிறவன் வந்தால்தான் அங்கே உருவம் உண்டு. உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்கிற ஓவியம் பூட்டிய பிறகும் அழகாகத்தான் இருக்கும். பூட்டிய அறைக் கண்ணாடி வெறும் கண்ணாடி.

அந்த நான்காம் முகத்துக்கு வருவோம். சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பதால் ஓவியன் வரையாமல் விட்ட முகம். உலகத்தில் ஒருவன் எத்தனையோ முகங்களைப் பார்க்கிறான். தாயின் முகம், பிள்ளைகளின் முகம், கடன் கேட்டு வருகிறவன் முகம். நேரே பார்க்க முடியாத முகம் ஒன்றே ஒன்றுதான். அது அவனுடையது. சுவரோவியன் விட்டுவிட்ட இடத்தைப் பள்ளியறைக் கண்ணாடி காட்டுகிறதோ என்று நினைக்க இடமிருக்கிறது. இப்படிச் சொல்வதால் சுவரோவியன் தாழ்ந்தவன் ஆகிவிடமாட்டான். வெள்ளையைப் பூசாமல் சுவரை விட்டு வைக்கத் தெரிந்தவனுக்கு, எல்லாவற்றையும் கை வரைந்துவிட முடியாது என்பதும் தெரிந்திருக்கும்.

மீதி இருப்பது வீட்டு விஷயம். பல அய்யாவழி வீடுகளில் காலண்டர் படங்கள் தொங்குகின்றன. கடைக்காரர் கொடுத்தது, உறவுக்காரர் கல்யாணத்தில் வந்தது. இவற்றைக் கழற்றி எறிய வேண்டுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. எறிந்துவிட்டால் வழி சுத்தமாகிவிடும் என்று நினைப்பது அவசரம். அந்தப் படத்தில் ஒரு ஓவியனின் பாடு இருக்கிறது, அதை மாட்டிய தாத்தாவின் ஆசை இருக்கிறது. கோயிலுக்குள் விடாத காலத்தில் அந்தத் தாத்தாவுக்குக் கிடைத்த ஒரே தரிசனம் அதுவாகக்கூட இருந்திருக்கும். அது தொங்குகிற இடத்தில் தொங்கட்டும். பிள்ளைகள் அதைப் பார்த்து, சுவாமி ஏன் வெளுப்பாக இருக்கிறார் என்று கேட்டால் மட்டும் சும்மா இருந்துவிடக் கூடாது. வரைந்தவர் அப்படி வரைந்தார் என்று சொல்லலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிழல்தாங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போய், தலையில் ஒரு துண்டைக் கட்டிவிட்டு, கண்ணாடி முன்னால் நிறுத்தலாம். எட்டவில்லை என்றால் தூக்கிப் பிடிக்க வேண்டும்.